சூட்டில் சாகாதது

ஜூன் 9

சின்னவருடைய மனைவிக்கு,

நான்கு முறை அழைத்த பிறகே தங்கள் தொலைபேசியில் என் எண் தடுத்து வைக்கப்பட்டிருப்பதை அறிந்தேன். ஆகவே தபால். தாங்கள் குடிபோன ஊரின் முகவரியை என் கணவர் கொடுத்தார். அண்ணனும் தம்பியும் நாள்தோறும் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்பதும், பந்தாட்டம் முதல் பல்வலி வரை எல்லாம் பேசி, நம் இருவரை மட்டும் கவனமாகத் தவிர்க்கிறார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

விஷயத்திற்கு வருகிறேன். ஏழு தக்காளிப் பாத்திகளில் ஆறு தேறவில்லை. நுனித் தளிர்கள் பெரணி இலையைப் போலச் சுருண்டு மெலிந்துவிட்டன. பீன்ஸ் இலைகள் கிண்ணம் கவிழ்த்தாற்போல் குவிந்து நிற்கின்றன. இது நோயன்று, பூச்சியுமன்று. நூலகத்தில் இருந்த மூன்று நூல்களின் படங்களோடு வைத்து ஒப்பிட்டேன். களைக்கொல்லி பட்ட செடி இப்படித்தான் இருக்கும்.

மே 30ஆம் நாள் நம் இயற்கைத் தோட்டக்காரர் சங்கக் கூட்டத்தில், அதன் தலைவி என்ற முறையில், முப்பது உறுப்பினர்கள் முன்னிலையில் நான் சொன்னது இதுதான்: "அடுத்தவங்க தெளிப்பானைக் கடன் வாங்கிட்டு வந்து, கழுவாம நம்ம பாத்தியில அடிச்சது வேற யாருமில்ல, என் ஓரகத்திதான்." இதில் எந்தச் சொல்லையும் திரும்பப் பெறுவதற்கு இன்றுவரை எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஆயினும் பகை பாராட்ட இதை எழுதவில்லை. ஆகஸ்டில் சான்று வழங்கும் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். தவறு ஒரு தனிநபரின் கவனக்குறைவால் நேர்ந்தது, அந்த நபர் இப்போது நம் தோட்டத்தில் இல்லை என்று எழுத்தில் இருக்குமானால், சங்கத்தின் இயற்கைச் சான்று தப்பிக்கும். அதற்கான வாசகத்தை நானே தயாரித்து இணைத்திருக்கிறேன். "அறியாமல்" என்ற சொல்லை இரண்டு இடங்களில் சேர்த்திருக்கிறேன். தங்கள் மீது எனக்கு இரக்கம் இல்லை என்று தாங்கள் சொல்லக்கூடாது. கையொப்பம் மட்டும் போதும்.

கடப்பாறை போட்டால் கணீரென்று ஒலித்த நிலம் அது. ஆறு ஆண்டுகளில் அதை மணிக்கட்டு வரை கை இறங்கும் மண்ணாக ஆக்கினோம். அந்த மண்ணின் பொருட்டாவது கையொப்பமிடுங்கள்.

பெரியவருடைய மனைவி


ஜூன் 14

அக்காவுக்கு,

"தாங்கள்" என்று படித்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். என்னைவிட நீங்கள் மூன்று வயது சிறியவர். பெரியவரைக் கட்டிக்கொண்டதால் நீங்கள் அக்கா, சின்னவரைக் கட்டிக்கொண்டதால் நான் தங்கச்சி. ஒன்பது வருடமாக நீங்கள் என்னை "நீ" என்றுதான் அழைத்தீர்கள், எனக்கு அது ஒருநாளும் உறுத்தவில்லை. இந்தத் "தாங்கள்"தான் உறுத்துகிறது.

கையெழுத்துப் போட மாட்டேன்.

நான் அடித்தது சோப்புத் தண்ணீர். பீன்ஸில் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது, நம் தெளிப்பானில் வாஷர் போய்விட்டது, மெக்கானிக்கிடம் இரவல் வாங்கினேன். அவர் அதில் வண்டி கழுவுகிறவர். அவரிடம் கேட்டேன், "இதுல களை மருந்து ஏதாவது ஊத்தினீங்களா?" அவர் சிரித்தார். "என் வாசல்ல களை முளைச்சா ஆடு வாங்கலாம்னு இருக்கேன், அது முளைக்கவே மாட்டேங்குது." அப்படியும் மூன்று முறை அலசினேன். வழியோரத்துப் பீன்ஸ் பாத்தி ஒன்று, அதை ஒட்டிய முட்டைக்கோஸ் பாத்தி ஒன்று. அவ்வளவுதான் அடித்தேன். உங்கள் ஆறு தக்காளிப் பாத்திகள் பக்கம் நான் போகவே இல்லை.

அந்தக் கூட்டத்தில் நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொல்லி முடித்ததும் முப்பது பேரும் குனிந்துகொண்டார்கள். தேன்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார், "விடு, வீட்டுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்." வீட்டுக்குள்ளே சொல்லியிருந்தால் வீட்டுக்குள்ளே முடித்திருக்கலாம். நீங்கள் சொன்ன இடம் வேறு.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எந்த இடத்தில் சொன்னீர்களோ அந்த இடத்தில், யார் முன்னால் சொன்னீர்களோ அவர்கள் முன்னால், அது பொய் என்று சொல்லுங்கள். அதன் பிறகு உங்கள் எண்ணைத் திறந்துவிடுகிறேன்.

எந்தெந்தப் பாத்தி கெட்டது, எது தப்பித்தது என்று எழுதுங்கள். அதையாவது தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு உண்டு. அந்தப் பாத்திகளில் நானும் ஆறு வருடம் குனிந்திருக்கிறேன்.

தங்கச்சி


ஜூன் 22

சின்னவருடைய மனைவிக்கு,

மெக்கானிக்கின் வேடிக்கைப் பேச்சு சாட்சியமாகாது. இருப்பினும், கேட்ட விவரத்தை மறைக்க எனக்கு அவசியமில்லை.

வழியோரத்து வெங்காயமும் மக்காச்சோளமும் நன்றாக இருக்கின்றன. தாங்கள் தெளித்த முட்டைக்கோசும் நலமே. பீன்ஸ் எல்லாப் பாத்திகளிலும் கெட்டிருக்கிறது; வழியிலிருந்து மிகத் தொலைவில், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் உள்ள பாத்தி மற்றெல்லாவற்றையும்விட மோசம். காற்று அங்கே சுழன்று இறங்குவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். மதிலோரத்து ஒன்பதாம் பாத்திக்கு மார்ச் மாதம் மட்கு உரம் போதாமல் வெறும் இலைமக்கு மட்டும் போட்டோம் அல்லவா, அதிலுள்ள பதினான்கு தக்காளிகள் காய்த்துக் குலுங்குகின்றன. மதில் காற்றை மறித்துக் காத்திருக்கிறது.

வேறு மூன்று உறுப்பினர்களின் தோட்டங்களிலும் தக்காளி இலை சுருண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். அது இலைச்சுருட்டு நோயாக இருக்க வேண்டும். இந்த ஆண்டு வெள்ளை ஈ அதிகம்.

என் கணவர் நேற்று ஒன்பதாம் பாத்திக்கு முன் நெடுநேரம் நின்றார். என்ன யோசிக்கிறீர்கள் என்றேன். "ஒண்ணுமில்ல. தக்காளி நல்லா இருக்குன்னு பாத்தேன். அதுக்கும் உன்கிட்ட எழுதி வாங்கணுமா?" என்றார். இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கும் மரியாதை தங்களுக்குத் தெரியாததன்று.

கையொப்பத்தை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவருடைய மனைவி


ஜூன் 28

அக்கா,

பெரியவர் ஏன் ஒன்பதாம் பாத்திக்கு முன்னால் நின்றார் என்று உங்களுக்குப் புரியவில்லையா, புரிந்துதான் எனக்கு எழுதினீர்களா? விடையை நீங்களே உங்கள் கையால் எழுதித் தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். உரம் போட்ட இடத்தில் தக்காளியும் பீன்ஸும் கெட்டிருக்கின்றன. உரம் போடாத இடத்தில் கெடவில்லை. காற்று இவ்வளவு கணக்காக உங்கள் உரம் விழுந்த பாத்தியைப் பார்த்துப் பார்த்தா இறங்கும்? இலை சுருண்ட அந்த மூன்று உறுப்பினர்களும் நம் குவியலிலிருந்து மூட்டை வாங்கியவர்கள்தானே?

நான் இங்கே ஒரு நாற்றுப் பண்ணையில் சேர்ந்திருக்கிறேன். நாள் முழுக்கத் தொட்டி நிரப்பும் வேலை. எங்களுக்கு மேலே ஒரு மேஸ்திரி அம்மா. படித்தவர் இல்லை, கூலர்ஸ் போட்டுக்கொண்டு சாவிக்கொத்தோடு வருவார். வெளியிலிருந்து கம்போஸ்ட் லாரி வந்தால் உடனே இறக்கவிட மாட்டார். ஒரு வாளி எடுத்துக்கொண்டு லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஏன் என்று கேட்டேன். "லோடு எப்படின்னு முதல்ல பீன்ஸ்கிட்ட கேப்பேன். டிரைவர்கிட்ட அப்புறம் கேப்பேன்" என்றார்.

அவர் செய்வது இது: பத்துத் தொட்டி. ஐந்தில் நல்ல மண் மட்டும். ஐந்தில் அதே மண்ணில் பாதிக்குப் பாதி வந்த கம்போஸ்ட். எல்லாவற்றிலும் மும்மூன்று பீன்ஸ் விதை. ஒரே தண்ணீர், ஒரே வெயில். மூன்று வாரம். கம்போஸ்ட் போட்டதில் மட்டும் தளிர் சுருண்டால் லோடு வேண்டாம் என்று சொல்லிவிடுவார். புல்வெளியில் அகன்ற இலைக் களையை மட்டும் கொல்லும் ஒரு மருந்து உண்டாம். புல்லை ஒன்றும் செய்யாது. அந்தப் புல்லைக் குதிரை தின்றாலும் குதிரைக்கு ஒன்றும் ஆகாது, சாணத்தோடு அப்படியே வெளியே வந்துவிடும், உரமாக மக்கினாலும் போகாது. தக்காளி, பீன்ஸ், பட்டாணிக்கு மட்டும் எமன்.

இந்த வருடக் குவியலுக்கு எரு எங்கிருந்து வந்தது அக்கா? குதிரை லாயத்திலிருந்து வந்தது. நீங்கள்தான் போய்ப் பார்த்து, பேசி, இரண்டு டிராக்டர் கொண்டு வந்தீர்கள்.

பத்துத் தொட்டி வையுங்கள். என்னை நம்ப வேண்டாம். பீன்ஸை நம்புங்கள்.

தங்கச்சி


ஜூலை 3

சின்னவருடைய மனைவிக்கு,

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். வேதியியலை நூலக மேசையில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றேன். என் மட்கு உரம் அறுபது டிகிரி வெப்பத்தில் பதினைந்து நாட்கள் நின்று, ஐந்து முறை புரட்டப்பட்டு, ஒவ்வொரு நாளும் வெப்பமானி பார்த்துக் குறித்து வைக்கப்பட்ட உரம். "அறுபது டிகிரியில் எல்லாத் தீமையும் சாகும்" என்று நான் எழுதிய துண்டறிக்கையை முப்பது வீடுகளில் கதவின் பின்புறம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வீடுகளுக்குப் போன ஒவ்வொரு மூட்டையிலும் "இதன் தூய்மைக்கு நான் பொறுப்பு" என்று என் கையால் எழுதிச் சீட்டுக் கட்டியிருக்கிறேன்.

ஒரு நாற்றுப் பண்ணை மேஸ்திரி சொல்லி எனக்குப் பரிசோதனை கற்க வேண்டிய நிலை இன்னும் வரவில்லை.

இத்துடன் இக்கடிதப் போக்குவரத்தை நிறுத்திக்கொள்ளலாம்.


ஜூலை 25

தங்கச்சிக்கு,

சென்ற கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பி வரும் வழியிலேயே பத்துத் தொட்டிகள் வாங்கினேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழப்பெட்டிகளை அடுக்கி மறைத்து, உன் பெரியவருக்குத் தெரியாமல் வைத்தேன். மறைத்ததாக நினைத்தேன். நான்காம் நாள் நான் போவதற்கு முன்பே எல்லாத் தொட்டியிலும் தண்ணீர் ஊற்றியிருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் எல்லாம் ஒரே மாதிரி முளைத்திருந்தன. உனக்கு எழுத வேண்டிய வெற்றிக் கடிதத்தின் முதல் வரியைக்கூட மனத்தில் அமைத்துவிட்டேன். பதினாறாம் நாள் உரமிட்ட ஐந்தில் மூன்று தலை சாய்ந்தன. இருபதாம் நாள் ஐந்தும் சுருண்டன. மண் மட்டும் இட்ட ஐந்தும் உள்ளங்கை அகல இலையோடு நின்றன. நான் அங்கே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் லாயத்துக்குப் போனேன். லாயக்காரர் குதிரைக்குக் குளம்பு சுரண்டிக்கொண்டிருந்தார். உலர்புல் எங்கே வாங்குகிறீர்கள் என்றேன். ஆற்றுக்கு அப்பால் ஒரு பெரிய புல்வெளியிலிருந்து கட்டுக் கட்டாக வருகிறது என்றார். அங்கே மருந்து அடிக்கிறார்களா என்றேன்.

"அடிக்காம? முள்ளுச் செடி வந்தா குதிரை வாய் கிழிஞ்சிரும்ல. வருஷா வருஷம் அடிக்கிறாங்க."

"இதை நீங்க ஏன் என்கிட்ட அன்னைக்கே சொல்லல?"

அவர் குளம்பைக் கீழே விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லத்தானே வாயெடுத்தேன். 'அம்மா, புல்லு எங்கேருந்து வருதுன்னா'ன்னு ஆரம்பிச்சேன். நீங்க பையிலேருந்து அந்தக் கம்பி மாதிரி தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டி ஒரு மணி நேரம் பேசினீங்க. எனக்கும் ரெண்டு லோடு காலியானா சரின்னு விட்டுட்டேன்."

அது உண்மை. அவர் வாயெடுத்தது எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது. கிருமி, களை விதை, நோய் எல்லாவற்றையும் வெப்பம் கொல்லும். இந்த மருந்து உயிருள்ள பொருளே அன்று. கொல்லுவதற்கு அதில் ஒன்றுமில்லை. படித்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

நீ அந்தத் தவற்றைச் செய்யவில்லை. இதை எழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறேன்; இக்கடிதத்தையே அதற்கான ஆவணமாக வைத்துக்கொள். ஆனால் கூட்டத்தில் சொல்வதற்குச் சிறிது அவகாசம் கேட்கிறேன். உன் மீது குற்றமில்லை என்று சொன்னால், பிறகு யார் மீது என்று கேட்பார்கள். பதினெட்டு வீட்டு மண்ணையும் கெடுத்தவள் நான் என்று அதே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கும். ஆய்வாளர் ஆகஸ்ட் எட்டாம் தேதி வருகிறார். அவர் வந்துபோன பின், உரிய தருணத்தில், உரிய சொற்களில் அறிவிக்கிறேன்.

அக்கா


ஜூலை 29

அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தீர்கள் என்ற இடத்தை மட்டும் நான்காவது முறையும் படித்தேன். அதை மறைக்கவில்லை.

ஆனால் அவகாசம் தர மாட்டேன். எனக்காகக்கூட இல்லை. அடுத்த போகத்துக்கு எல்லாரும் இப்போதுதான் பாத்தி தயார் செய்வார்கள். மூலையில் மிச்சம் வைத்திருக்கும் மூட்டையைப் பிரிப்பார்கள். சீட்டில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு நம்பிக் கொட்டுவார்கள். உரிய தருணம் வருவதற்குள் எத்தனை மூட்டை பிரியும்?

இந்த ஆவணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதா? முப்பது பேரும் என் வீட்டுக்கு வந்து படித்துவிட்டுப் போவார்களா?

நீங்கள் இரவல் தெளிப்பானைப் பார்த்த அன்றே சொல்லிவிட்டீர்கள். எந்த அவகாசமும் எடுத்துக்கொள்ளவில்லை.

தங்கச்சி


ஆகஸ்ட் 5

தங்கச்சிக்கு,

கடமை நிறைவேறியது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆய்வாளர் வருவதற்கு முன்பே அவசரக் கூட்டம் கூட்டினேன். முப்பது பேரும் வந்திருந்தனர். பத்துத் தொட்டிகளையும் தள்ளுவண்டியில் கொண்டுபோய் மேசைமேல் வரிசையாக வைத்தேன். உலர்புல்லில் தொடங்கி, குதிரையின் குடல் வழியாக, என் குவியல் வரை அந்த மருந்து வந்த வழியைப் படம் வரைந்து விளக்கினேன். என் சீட்டுக் கட்டிய மூட்டைகளை எவரும் பயன்படுத்தக்கூடாது என்றும், அந்தச் சீட்டுகளை எழுதியவள் நானே என்றும், பொறுப்பு முழுவதும் என்னுடையதே என்றும் சொன்னேன். குரல் ஓரிடத்திலும் தழுதழுக்கவில்லை.

யாரும் கூச்சலிடவில்லை. கூச்சலிட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பட்டாணி மட்டுமே பயிரிடும் அந்த அம்மாள் எழுந்து, "எனக்கு எத்தனை வருஷம் போகும்?" என்று மட்டும் கேட்டார். ஒன்று, ஒருவேளை இரண்டு என்றேன். தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் காலையில் என் வாசலில் ஒன்பது மூட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் சீட்டு என்னைப் பார்த்தபடி திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

ஆய்வாளருக்கும் எழுதிவிட்டேன். சான்று இவ்வாண்டு நிறுத்தி வைக்கப்படும். தலைவி பொறுப்பிலிருந்தும் விலகிவிட்டேன்.

உன் எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்கா,

அழைக்கவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று மாலை தேன்காரருக்குப் போன் செய்தேன். அவர் சொன்னார், "முக்கால் மணி நேரம் பேசினாங்கம்மா. கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு. குதிரைக் குடல் எவ்வளவு நீளம்னு கூட சொன்னாங்க." நான் கேட்டேன், "என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?" அவர் இழுத்தார். "உங்களைப் பத்தி... நேரா ஒண்ணும் சொல்லல. அதான் புரிஞ்சுக்கலாமே" என்றார்.

குதிரைக் குடலுக்கு முக்கால் மணி நேரத்தில் இடம் இருந்தது. எனக்கு ஒரு நிமிடம் இல்லை.

குற்றத்தை ஏற்றுக்கொள்வதுகூட உங்களுக்குப் பெருமையாகத்தான் வருகிறது, தலை நிமிர்ந்து, குரல் தழுதழுக்காமல். மண்ணுக்கு நீங்கள் செய்த தவறு பெரிய தவறு, அதைச் சொன்னால் சபை அமைதியாகும். எனக்குச் செய்தது அற்பத் தவறு. தெரியாமல் பழி போட்டேன் என்று சொல்ல வேண்டியதுதான். அதில் விளக்கப் படம் வரைய எதுவும் இல்லை. அதனால்தான் அது உங்கள் வாயில் வரவில்லை.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார், "உண்மையைச் சொல்லு, நல்லாத்தான் கழுவினியா?" ஒரே ஒரு தடவைதான் கேட்டார். நான் "ஆமா" என்றேன். அவரும் சரி என்றார். ஆனால் அதற்குப் பிறகு நான் எதைக் கழுவினாலும், ஒரு டம்ளரைக் கழுவினாலும், அவர் பார்வை ஒரு நொடி அங்கே வந்துவிட்டுப் போகிறது. அது அவருக்கே தெரியாது. நாங்கள் ஊரை விட்டு வந்தது உங்கள் சொல்லால் என்று நினைக்கிறீர்கள். நான் வந்தது அந்த ஒரு நொடிப் பார்வை யார் முன்னாலும் என் மேல் விழக்கூடாது என்றுதான். அது என்னோடு வண்டியேறி இங்கேயும் வந்துவிட்டது.

மண் சரியாக எத்தனை வருடம் என்று அந்த அம்மாவுக்குச் சொன்னீர்கள். இதற்கு எத்தனை வருடம்?

தங்கச்சி


செப்டம்பர் 6

தங்கச்சி,

இக்கடிதத்தை ஏழு முறை எழுதிக் கிழித்தேன். நல்ல சொற்களாக வந்துகொண்டேயிருந்தன, அதனால் கிழித்தேன்.

இன்னொரு கூட்டம் கூட்டும் தகுதி எனக்கு இல்லை. ஆகவே வீடு வீடாகப் போனேன். முப்பது வீடுகள், பதினோரு நாட்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வாக்கியம்: "என் தங்கச்சி எந்த மருந்தும் அடிக்கல. விசாரிக்காம உங்க எல்லார் முன்னாலயும் அவ மேல பழி போட்டேன். அது பொய்." விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. முதல் மூன்று வீடுகளில் சேர்த்துவிட்டேன். பிறகு திரும்பப் போய், விளக்கமின்றி மறுபடியும் சொன்னேன். அந்த மூன்று வீட்டாரும் என்னைப் பைத்தியம் என்று எண்ணியிருக்கலாம்.

உன்னிடம் மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. எழுதாமல் விட்டால் உனக்கு நிம்மதியாக இருக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நாலாவது வீடு விதைக் கடைக்காரருடையது. நான் சொல்லி முடித்ததும் அவர் மனைவி, "உள்ள வாங்க, வாசல்ல நின்னு எதுக்கு" என்றார். கடைக்காரர் சொன்னார்: "இதை நீங்க வந்து சொல்லணுமா? அவங்க அடிச்சாங்கன்னு நாங்க நம்பவே இல்லையே."

"நம்பலையா?"

"அவங்க ஒரு டம்ளரைக்கூட மூணு தடவை அலசிட்டுத்தான் தண்ணி குடிக்கிற ஆளு. யாருக்குத் தெரியாது? நீங்க சொன்னீங்க, தலையாட்டினோம். உங்ககிட்ட யாரு வாதாடுறது?"

ஐந்தாவது வீட்டிலும் அதையே சொன்னார்கள். பட்டாணிக்கார அம்மாள் சொன்னார், "உங்க உரம் எங்களுக்கு வேணும்ல. அதான் பேசல." தேன்காரர் என்னை உட்கார வைத்துவிட்டு அழுதார். நம்பியவர் என்று தேடிப் பார்த்தால், முப்பது வீட்டில் இரண்டு வீடு தேறும். அந்தக் கூட்டத்தில் உன்னைக் குற்றவாளி என்று உண்மையாக நினைத்தவள் பெரும்பாலும் நான் ஒருத்திதான்.

சின்னவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதில் என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்லப் போவதில்லை. அது அவர் உன்னிடம் வந்து சொல்ல வேண்டியது.

மண்ணைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உரத்தை மறுபடி குவிக்கக்கூடாதாம், குவியலில் அந்த மருந்து அப்படியே கிடக்குமாம். மண்ணில் பரப்பி, காற்றுப்படக் கிளறிக் கிளறி விட்டால், மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும். வாரம் ஒருமுறை நானும் பெரியவரும் முள்மண்வெட்டியோடு இறங்குகிறோம். மக்காச்சோளம் மட்டும் விதைத்திருக்கிறோம். அதன் தட்டையையும் உரக்குழியில் போடக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்துத் தொட்டி வைத்துப் பீன்ஸிடம் கேட்கப் போகிறேன். உன் மேஸ்திரி அம்மாவிடம் இதைச் சொல்.

நீ வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். வருவாயா?

அக்கா


செப்டம்பர் 17

அக்கா,

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் இன்னும் சில நாள் கடிதமே எழுதுவோம். போனில் பேசினால் நான் "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிடுவேன். பழக்கம். அதை எழுதும்போது சொல்லாமல் இருக்க முடிகிறது.

முப்பது வீட்டு வாசலிலும் நின்றீர்கள். கேட்டதைச் செய்துவிட்டீர்கள், கேட்டதற்கு மேலேயே செய்தீர்கள். என் வீட்டுக்காரர் நீங்கள் தனியாக எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னை நகரச் சொல்லிவிட்டு மிச்சத்தை அவரே கழுவினார். நான் அவரைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

உங்கள் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. நீங்கள் நம்பித்தானே சொன்னீர்கள். மற்ற இருபத்தெட்டு பேர் நம்பாமலே குனிந்துகொண்டார்கள். நான் செய்யவில்லை என்று தெரிந்தும், எனக்காக ஒரு வாய் திறக்காமல், உரம் வேண்டுமே என்று உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை நாள் அவர்கள் என்னைத் தப்பாக நினைக்கிறார்கள் என்று நினைத்துத்தான் வெட்கப்பட்டேன். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைத் தாங்க முடியவில்லை. அந்த வாசல்கள் வழியாக நான் எப்படி நடந்து போவேன்? அவர்கள் சிரிப்பார்கள், நலமா என்பார்கள், நானும் சிரிக்க வேண்டும். அதனால் வர மாட்டேன். நான் வராதது உங்களால் இல்லை, அதைப் புரிந்துகொள்ளுங்கள்.

நாற்றுப் பண்ணைக்குப் பின்னால் மேஸ்திரி அம்மா எனக்கு ஒரு துண்டு இடம் விட்டுக் கொடுத்திருக்கிறார். பழைய கட்டடத்தை இடித்துப் போட்ட இடம். செங்கல் துண்டும் சிமெண்டும்தான், மண்ணே இல்லை. "இதுல எது வந்தாலும் நீயே வச்சுக்கோ. வராதுன்னு தெரிஞ்சுதான் தர்றேன்" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக அதில் இறங்கி, கல்லைப் பொறுக்கி ஒரு ஓரமாகக் கூட்டினேன். முதல் வருடம் என்ன செய்ய வேண்டும், எந்த விதையைத் தூவிவிட வேண்டும், எதை வெட்டாமல் வேரோடு மண்ணுக்குள்ளேயே விட வேண்டும், எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. கை அது பாட்டுக்குச் செய்தது. அதெல்லாம் யாரிடம் கற்றேன் என்று அங்கே குனிந்திருக்கும்போது நினைவு வந்தது.

அதற்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை அக்கா. வரும்போது எழுதுகிறேன்.

தங்கச்சி